பழைய பெரிய பெட்டியா, புதிய ஒல்லி டவரா? ஒரே அறையில் வைத்துக் கேட்டவர்கள் வாருங்கள்

கூம்புக்காதலன்:

என்னிடம் இருப்பது யமஹா என்எஸ்-1000எம் ஸ்பீக்கர். 1974-இல் வந்த வடிவமைப்பு. கீழ் ஒலிக்கு 30 செ.மீ. காகிதக் கூம்பு வூஃபர், நடு ஒலிக்கு 8.8 செ.மீ. பெரிலியம் டோம் (குமிழ் வடிவ) மிட்ரேஞ்ச், மேல் ஒலிக்கு 3 செ.மீ. பெரிலியம் ட்வீட்டர். மூடிய பெட்டி, ஒன்று 31 கிலோ. நண்பர் ஒருவர் வீடு மாறும்வரை தன்னுடைய புதிய டவர் ஸ்பீக்கர்களை என்னிடம் விட்டுவைத்திருக்கிறார். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், சொன்னால் இழை முழுக்க அந்தப் பெயரைப் பற்றியே ஓடும். மூன்று 16 செ.மீ. வூஃபர், தனி மிட்ரேஞ்ச், டோம் ட்வீட்டர், 20 செ.மீ. அகலமே உள்ள உயரமான பெட்டி, பின்பக்கம் பேஸுக்கு உதவும் ரிஃப்ளெக்ஸ் துளை. இப்போது வரும் விலையுயர்ந்த ஸ்பீக்கர்களில் பாதி இந்த உருவத்தில்தான் இருக்கின்றன.

ஒரே ஆம்ப், ஒரே அறை, ஒரே நாற்காலி. 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள பிங்க் நாய்ஸை (சோதனைக்கான இரைச்சல்) ஓடவிட்டு, தலை இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்து, இரண்டின் அளவையும் சமமாக்கிய பிறகுதான் கேட்கவே ஆரம்பித்தேன். இதைச் செய்யாமல் 'பழசில்தான் உயிர் இருக்கிறது', 'புதுசில்தான் விவரம் இருக்கிறது' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. ஒரு டெசிபெல் கூடியிருந்தால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும்.

இனி, கேட்டதைச் சொல்கிறேன். ராத்திரியில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது யமஹாவில் ஆண் குரலுக்கு நெஞ்சுப் பகுதி இருக்கிறது. டவரில் அதே குரல் தொண்டையிலிருந்து மட்டும் வருகிறது. மிருதங்கத்தில் தொப்பியை அடித்து மணிக்கட்டால் அழுத்தி இழுக்கிற அந்த கும்கியை டவர் இன்னும் கீழே வரை கொண்டுபோகிறது. ஆனால் அடி விழுந்து அடங்குவது யமஹாவில் சுத்தம்.

மேலே போனால் கதை மாறுகிறது. தம்புராவில் ஒவ்வொரு தந்தியும் மலர்ந்து அடுத்ததில் கலப்பதை டவர் எங்கோ சுவருக்கு அப்பால் நின்று காட்டுகிறது. பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. யமஹாவில் தம்புரா பெட்டிக்குள்தான் இருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றால் அதன் நிறமும் மாறுகிறது.

என் கேள்வி இதுதான். இந்த வித்தியாசங்களில் ஐம்பது வருட முன்னேற்றம் எவ்வளவு, வெறும் உருவத்தால் வருவது எவ்வளவு?

வரைபடம்:

டவரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள்?

நெஞ்சுக்குரல் விஷயத்தில் என் சந்தேகம் முன்பலகையின் அகலத்தின் மேல்தான். குறைந்த அதிர்வெண்ணில் ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும். அதிர்வெண் ஏற ஏற, பலகை அகலம் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வந்ததும் முன்பக்கம் மட்டும் போக ஆரம்பிக்கும். இந்த மாற்றத்தின் நடுப்புள்ளிக்கு ஒரு தோராயக் கணக்கு: 115-ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுங்கள். 20 செ.மீ. டவருக்கு 575 ஹெர்ட்ஸ். உங்கள் யமஹா சுமார் 37 செ.மீ. அகலம், 300-ஐ ஒட்டி வரும். அதாவது ஆண் குரலின் உடம்பு இருக்கும் பகுதியை அகலமான பெட்டி நேராக உங்கள் பக்கம் தள்ளுகிறது, ஒல்லிப் பெட்டி அதில் பாதியை முதுகுப் பக்கம் விட்டுவிடுகிறது.

ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் இதை ஈடுகட்டுவார்கள். முழுதாக ஈடுகட்ட 6 டெசிபெல் வேண்டும், அத்தனையும் சென்சிட்டிவிட்டியிலிருந்துதான், அதாவது ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் சத்தத்திலிருந்துதான் போகும். அதனால் சுவர் கொஞ்சம் உதவும் என்று நம்பி 3, 4 டெசிபெல்லோடு நிறுத்திக்கொள்கிற வடிவமைப்புகளும் உண்டு. டவரை அறை நடுவில் கொண்டுவந்து வைத்தால் குரல் மெலிவது இதனால்தான்.

மின்தட்டு:

எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். பெட்டியே இல்லாத ஒன்றை 1957-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார் பீட்டர் வாக்கர். குவாட் எலெக்ட்ரோஸ்டாட். துளையிட்ட தகடுகளுக்கு இடையே நூலாம்படை போல ஒரு பிளாஸ்டிக் படலம், பேஸ் பகுதியில் அந்தப் படலத்துக்கு 6000 வோல்ட், நடுவில் இருக்கும் ட்ரெபிள் பகுதியில் 1500 வோல்ட். அவ்வளவுதான் ஸ்பீக்கர்.

பழுது பார்த்துச் சரியாக வைத்திருந்த ஒரு ஜோடியில் ஒரு பெண் குரலைக் கேட்டேன். பாடகி அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும்போது உதடு பிரிகிற சின்னச் சத்தம், அதற்கும் குரல் எழுவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் எதுவுமே இல்லை. இன்றைய விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் பலவற்றில் அந்த வெற்றிடத்தில் ஏதோ ஒன்று மெலிதாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. வரைபடத்தில் இது எந்த வளைவில் தெரியும் என்று வரைபடம் ஐயாவே சொல்லட்டும்.

வரைபடம்:

தெரியும். ஒலி நின்றபிறகு எவ்வளவு நேரம் ஆட்டம் நீடிக்கிறது என்று காட்டும் நீர்வீழ்ச்சி வரைபடம் அதற்குத்தான். பெட்டி இல்லாததால் பெட்டியின் அதிர்வு இல்லை. முன்னும் பின்னும் எதிரெதிராக வீசுவதால் பக்கவாட்டில் ஒலி ரத்தாகிறது, அறையின் அகலவாக்கு அதிர்வுகளை அது அதிகம் கிளப்புவதில்லை. நீங்கள் கேட்ட சுத்தத்தில் பாதி அறையைச் சீண்டாததால் வந்தது.

கூடவே இதையும் சொல்லுங்கள்: தலையை ஒரு சாண் நகர்த்தினால் என்ன ஆனது? சத்தத்தைக் கூட்டினீர்களா?

மின்தட்டு:

கூட்டவில்லை. அதற்குள் போகும் மின்னழுத்தம் உச்சத்தில் 33 வோல்ட்டைத் தாண்டினால் தகட்டில் பொறி பறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தலையையும் நகர்த்தவில்லை. ஒருவர் உட்காரும் ஸ்பீக்கர்தான் அது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறை வாக்கருக்கும் தெரிந்ததுதான். 1981-இல் வந்த இஎஸ்எல்-63-இல் தகட்டை வட்ட வட்டமாகப் பிரித்து, நடுவிலிருந்து வெளியே போகப் போக ஒலியைத் தாமதப்படுத்தி, பின்னால் 30 செ.மீ. தள்ளி ஒரு புள்ளியிலிருந்து ஒலி வருவதுபோலச் செய்துவிட்டார். இப்போது எல்லோரும் பேசுகிற 'எந்தப் பக்கம் எவ்வளவு வீசுகிறது' என்ற பாடத்தை அன்றைக்கே எழுதி வைத்த மனிதர்.

சால்டர்புகை:

கொஞ்சம் குறுக்கே வருகிறேன். நீங்கள் எல்லோரும் 1957, 1974 என்று வருஷம் சொல்கிறீர்கள். என் மேசைக்கு வரும் பழைய ஸ்பீக்கர்களில் முக்கால்வாசி அந்த வருஷத்து ஒலியைத் தருவதே இல்லை.

போன மாதம் ஒரு ஜோடி வந்தது, பேர் வேண்டாம், அந்தக் காலத்தில் பெரிய ஆள். வலையைக் கழற்றி வூஃபர் விளிம்பில் விரலை வைத்தேன். ஃபோம் வளையம் கருப்புக் களிம்பாக விரலோடு வந்துவிட்டது. அது உயிரோடு இருந்தபோது கூம்பைப் பிடித்து நடுவில் நிறுத்தியது. இப்போது கூம்பு சும்மா தொங்குகிறது, அதை அசைக்கும் கம்பிச் சுருளான காயில் காந்தத்தின் சுவரில் உரசுகிறது. அதைத்தான் உரிமையாளர் 'பழைய ஸ்பீக்கரின் வெதுவெதுப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்! ஃபோம் என்றால் பதினைந்து, இருபது வருஷம்தான் ஆயுள். ரப்பர் அதைவிட நிற்கும். பசை தடவிய மடிப்புத் துணி எல்லோரையும்விட நிற்கும்.

வளையம் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். நடுமூடியை வெட்டி எடுத்து, காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சுற்றிலும் செருகினால் காயில் நடுவில் நிற்கும். அதன்பிறகு பசை. சிலர் துண்டு செருகாமல் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிசாக ஓடவிட்டு, உரசல் கேட்காத இடமாகப் பார்த்து ஒட்டுவார்கள். நான் துண்டுக் கட்சி.

அப்புறம் கிராஸ்ஓவரில் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். காய்ந்துபோனால் அதன் உள்தடை ஏறும், ட்வீட்டருக்குப் போவது குறையும். 'பழசு மிருதுவாகப் பாடுகிறது' என்பதில் இதன் பங்கு பெரிசு. சரி என்று அந்த இடத்தில் நல்ல ஃபிலிம் கெபாசிட்டரை வைத்துவிட்டு 'இப்போது கத்துகிறதே' என்று வருபவர்களும் உண்டு. ஃபிலிமுக்கு உள்தடை கிட்டத்தட்ட இல்லை. புதிதாக இருந்த எலெக்ட்ரோலைட்டிக்கிலேயே கொஞ்சம் தடை இருந்தது, வடிவமைத்தவர் அதையும் கணக்கில் வைத்துத்தான் ட்வீட்டர் அளவை முடிவு செய்தார். ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

புதுக்காது:

அண்ணா, எல்லாம் படித்தேன். ஒரு சந்தேகம். பெரிய பெட்டி இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் ஒல்லியாகப் போனார்கள்? வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தானா?

சால்டர்புகை:

அதுவும்தான் தம்பி. ஆனால் அது மட்டும் இல்லை. ஆழமான பேஸ், நல்ல சென்சிட்டிவிட்டி, சின்னப் பெட்டி, இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். இது இயற்பியல், எந்தக் கம்பெனியும் தாண்டியதில்லை.

1946-இல் கிளிப்ஷ்ஹார்ன் என்ற பெரிய ஸ்பீக்கர் வந்தபோது ஆம்ப் எல்லாம் சின்ன வால்வு ஆம்ப். அதனால் சென்சிட்டிவிட்டியை எடுத்துக்கொண்டு பெட்டியைப் பெரிதாக்கினார்கள். அறை மூலையின் சுவர்களையே ஹார்னின் (ஒலிப்புனலின்) மிச்சமாக வைத்து, ஒரு வாட்டுக்கு 105 டெசிபெல். இந்தப் பக்கம் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் செய்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் வெறும் 83. இரண்டுக்கும் நடுவே 22 டெசிபெல், சக்தியில் சொன்னால் கிட்டத்தட்ட 160 மடங்கு. கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்டில் தருவதைத் தர எல்எஸ்3/5ஏ-க்கு 160 வாட் வேண்டும். கொடுத்தால் எரிந்துவிடும், அது வேறு விஷயம்.

நடுவில் இரண்டு நடந்தன. 1954-இல் எட்கர் வில்ச்சூர், கூம்பைத் தாங்கும் ஸ்பிரிங்காக மூடிய பெட்டியின் காற்றையே பயன்படுத்தி, சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் எடுத்தார். 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்ததும் ஒரு பெட்டி இருந்த வீட்டில் இரண்டு வேண்டியிருந்தது. பிறகு டிரான்சிஸ்டர் ஆம்ப் வாட்டைத் தாராளமாக்கியது. சென்சிட்டிவிட்டியை விட்டுக்கொடுப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லாமல் போனது.

அமைதியான_அறை:

எனக்கு வருத்தம் உண்டு.

ஜேபிஎல் 4343 கேட்டிருக்கிறேன். 1976-இல் வந்த, ஒலியை நான்காகப் பிரித்துத் தரும் நான்கு வழி ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர், 38 செ.மீ. வூஃபர். டிரம் அடி விழும்போது அந்தக் கூம்பு நகர்வதே கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சில் மட்டும் தெரியும். அதே பதிவை அதே சத்தத்தில் ஒரு விலையுயர்ந்த நவீன டவரில் கேட்டால் கூம்புகள் உள்ளே வெளியே என்று மூச்சு வாங்குகின்றன. முதல் பாட்டு பிரமாதம். சத்தமாக நாலைந்து பாட்டு போனபிறகு டிரம் ஒரு அடி பின்வாங்கி நிற்கிறது.

கற்பனை இல்லை இது. செம்பு சூடானால் தடை ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம். காயில் 100 டிகிரி சூடேறினால் தடை 39 சதவீதம் கூடும், சத்தம் ஏறக்குறைய 3 டெசிபெல் இறங்கும். பெரிய வூஃபரின் 10 செ.மீ. விட்டமுள்ள காயில் அந்தச் சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. சென்சிட்டிவிட்டியும் அதிகம் என்பதால் அதற்குப் போகும் வாட்டே குறைவு. அளந்து காட்டும் வளைவுகள் பெரும்பாலும் குறைந்த சத்தத்தில், காயில் ஆறியிருக்கும்போது எடுத்தவை. அதை வைத்துப் பழைய மானிட்டரை மட்டம் தட்டுகிறார்கள்.

வரைபடம்:

நியாயமான வாதம். சத்தமாகக் கேட்பவர்களுக்கு இது நிஜமாகவே முக்கியம். ஆனால் கூம்புப் பரப்பைப் பார்க்கும்போது எண்ணிக்கையையும் பாருங்கள். 30 செ.மீ. வூஃபரின் வேலை செய்யும் பரப்பு சுமார் 500 சதுர செ.மீ., 16 செ.மீ. வூஃபருடையது சுமார் 130. மூன்று சேர்த்தால் 400-ஐ ஒட்டி வருகிறது. காயிலும் மூன்று, சூடும் மூன்றாகப் பிரிகிறது. கூம்புக்காதலனின் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் பேஸில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டியதில்லை. அடி அடங்குவதில் அவர் கேட்ட வித்தியாசம் மூடிய பெட்டிக்கும் துளை வைத்த பெட்டிக்கும் உள்ளது, வருஷத்துக்கு அதில் சம்பந்தம் இல்லை. மூடிய பெட்டி ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபெல் என்று மெதுவாகச் சரியும். துளை வைத்தது இன்னும் கீழே வரை போய், பிறகு 24 என்று விழும். செங்குத்தாக விழுவது எதுவானாலும் கொஞ்சம் இழுக்கும்.

கூம்புக்காதலன்:

வரைபடம் சொன்னபடி டவரைச் சுவர்ப் பக்கம் ஒரு முழம் நகர்த்தினேன். நெஞ்சுக்குரல் வந்துவிட்டது! முழுதாக யமஹா அளவுக்கு இல்லை, ஆனால் முந்தைய புகாரை இனி எழுதமாட்டேன். பதிலுக்கு அந்தச் சுவருக்கு அப்பால் நின்ற தம்புரா கொஞ்சம் முன்னால் வந்து தட்டையாகிவிட்டது. துளையில் ஒரு கட்டி ஸ்பாஞ்சைச் செருகிப் பார்த்தேன். கும்கியின் கடைசி இறக்கம் போனது, அடி அடங்குவது யமஹாவுக்குப் பக்கத்தில் வந்தது. ஆக, ஒரு ஸ்பீக்கரின் குணம் என்று நான் எழுதியதில் பாதி, இருந்த இடமும் துளையும்தான்.

மெல்லிய துணியைத் தொங்கவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமலும் கேட்டேன். மாற்றிவிடுவது மகள் வேலை. உட்கார்ந்தபடி கேட்டால் குரல் பதிவுகளில் இரண்டையும் பிரிக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. எழுந்து நடந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. டவர் எங்கே நின்றாலும் ஏறக்குறைய அதே நிறம். யமஹா நேராக இருந்தால் மட்டும்.

இதற்குக் காரணம் கையேட்டிலேயே இருக்கிறது. அதன் 8.8 செ.மீ. மிட்ரேஞ்ச் டோம் 6000 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. அங்கே அலைநீளம் 5.7 செ.மீ.தான். அலையைவிடப் பெரிய டோம் ஒலியை நேராகத்தான் வீசும், பக்கவாட்டில் ஒரு பள்ளம் விழும். 6000-ஐத் தாண்டிச் சின்ன ட்வீட்டர் எடுத்துக்கொண்டதும் திரும்ப அகலமாக வீசும். சுவர்கள் இந்த மேடுபள்ளத்தைத் திருப்பி அனுப்புகின்றன. தம்புரா பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதற்கு இதைத்தான் நான் காரணமாக நினைக்கிறேன். நேர் ஒலியில் அந்தக் காலத்து ஆட்கள் அப்போதே வந்து சேர்ந்துவிட்டார்கள். ஐம்பது வருஷத்தில் உண்மையாகவே முன்னேறியது பக்கவாட்டு ஒலி. என் காது அங்கே மட்டும் புதுசுக்கு ஓட்டுப் போடுகிறது.

வரைபடம்:

ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 1980-களில் திரை போட்டு ஆட்களைக் கேட்கவைத்து எட்டிய முடிவும் கிட்டத்தட்ட இதுவே. நேர் ஒலி தட்டையாகவும் பக்கவாட்டு ஒலி அதைப்போலவே சீராகவும் உள்ளவற்றுக்குத்தான் பெரும்பாலோர் அதிக மதிப்பெண் போட்டார்கள். பிறகு 1994-இல் அவரும் ஷான் ஓலிவும் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்தபடியும் பார்க்காமலும் கேட்கவைத்தார்கள். பார்த்தபோது போட்ட மதிப்பெண் பார்க்காதபோது நிற்கவில்லை. மகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், துணி கட்டும் அளவுக்குப் பலர் போவதில்லை.

மின்தட்டு:

துணி கட்டிக் கேட்டாலும் மூச்சுக்கும் குரலுக்கும் நடுவில் இருக்கும் அந்த வெற்றிடம் எனக்குக் கேட்கும். பந்தயம் கட்டத் தயார்.

அமைதியான_அறை:

எல்எஸ்3/5ஏ பேச்சு வந்ததால் ஒன்று. அதையும் கேஇஎஃப் கம்பெனியின் எல்எஸ்50-ஐயும் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன். பழையதில் இருக்கும் ட்வீட்டரும் வூஃபரும் கேஇஎஃப் செய்தவை, டி27, பி110. 2012-இல் வந்த எல்எஸ்50-உம் கேஇஎஃப். ஒரே வீட்டுத் தாத்தாவும் பேரனும். பலகை ஓரத்தில் ஒலி மோதிச் சிதறுவதைத் தடுக்கத் தாத்தா ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் பட்டை ஒட்டினார். பேரன் பலகையையே வளைத்து, ட்வீட்டரை வூஃபரின் நடுவுக்குள் கொண்டுபோய்விட்டான். குரலுக்கு இரண்டும் பிரமாதம். தாத்தாவிடம் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, அதனால் அந்தத் தம்மாத்துண்டுப் பெட்டி பெரியதுபோல நடிக்கும். எனக்கு அந்த நடிப்பு பிடிக்கும். வியோலா, செல்லோ மாதிரி வாத்தியங்களை மெதுவாகக் கேட்க அதைத்தான் எடுப்பேன். ஆர்கெஸ்ட்ரா என்றால் இரண்டையும் எடுக்கமாட்டேன்.

புதுக்காது:

எனக்கு ஒரு ஜோடி பழையது கிடைக்கிற மாதிரி இருக்கிறது, கூம்புக்காதலன் அண்ணாவிடம் இருப்பது போலவே பெரிலியம் டோம் உள்ளது. போய்ப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சால்டர்புகை:

முதலில் டோமைத் தொடாதே. வலை இருந்தாலும் அழுத்திப் பார்க்காதே. பெரிலியம் கண்ணாடி மாதிரி நொறுங்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. ஏற்கெனவே விரிசல் விட்டதாகத் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடு.

நல்லதாக இருந்தால், வூஃபரை இரண்டு கை விரல்களாலும் சமமாக மெல்ல உள்ளே தள்ளு. உரசல் கேட்கக் கூடாது. ஆம்பை மோனோவில் போட்டு ஒரே குரலை இடது, வலது என்று மாற்றி மாற்றிக் கேள், இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால் கிராஸ்ஓவரைக் குறை சொல்வதற்கு முன்னால், அளவு கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதைக் கடைசிவரை சில தடவை முன்னும் பின்னும் சுழற்று. துருதான் காரணம் என்றால் கரகரவென்று சத்தம் போட்டுத் திரும்பி வரும். வராவிட்டால் கெபாசிட்டர், அது என் வேலை. உரிமையாளர் ஒத்துக்கொண்டால் பின்பக்கம் திறந்து படம் எடுத்துப் போடு, யாராவது ஏற்கெனவே கை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.